கொழும்பில் அம்மாவோடு மத்தியானச் சாப்பாடு எங்கே?

வணக்கம் தங்கச்சி. திருமலையிலிருந்து இரவு றெயினில் போய், காலையில் விசா அலுவலை முடித்துவிட்டு, முழங்கால் வலியுள்ள அம்மாவோடும் தெஹிவளை மாமா குடும்பத்தோடும் மத்தியானம் சைவம் சாப்பிட வசதியான இடம் கேட்டிருந்தீர்கள்.

கோட்டை, புறக்கோட்டைப் பக்கம் வேண்டாம். கடைகள் நிறைய இருக்கு, ஆனால் அந்தச் சன நெரிசலில் அம்மாவை நடத்திக்கொண்டு போவதே பெரும்பாடு. பம்பலப்பிட்டிக்கு வந்துவிடுங்கள். காலி வீதியில் 100, 101 பஸ்கள் அடிக்கடி ஓடும், மாமா ஆட்களும் தெஹிவளையிலிருந்து அதிலேயே வந்து சேரலாம். கரையோர றெயின் மலிவுதான். ஆனாலும் பெட்டிப் படி உயரம், அம்மாவுக்குச் சரிவராது. அவவை ஓட்டோவில் கூட்டிப் போங்கள்.

நான் சொல்வது கிரீன்லண்ட்ஸ். பழைய சைவக் கடை, காலி வீதியிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் ஹோர்ன் சத்தம் குறைவு, ஆறுதலாக இருந்து கதைக்கலாம். முதல்நாளே போன் எடுத்து, வாசலில் படி இருக்கா, கீழ்த்தளத்தில் மேசை கிடைக்குமா என்று கேளுங்கள். மத்தியானம் சோறு கறிதான் முக்கியம். அம்மாவுக்குத் தோசை வேண்டுமென்றால் அந்த நேரத்தில் போடுவார்களா என்றும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

பன்னிரண்டரைக்குப் பிறகு அலுவலக ஆட்கள் வந்து நிறைந்துவிடுவார்கள், பன்னிரண்டுக்கு முன்னரே இருந்துவிட்டால் நல்லது. அப்புறம் இன்னொன்று: சைவக் கடைகளில் கேட்காமலே வடைத் தட்டை மேசையில் வைப்பார்கள். சாப்பிட்டதற்குத்தான் காசு, மிச்சத்தைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் எடுத்ததை மட்டும் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.