முறுமுறுப்பும் முறையீடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் ஒரு சிறிய சபையில் 11 ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் ஆலயத்தைக் கூட்டித் துடைத்து, பீடத்துணிகளைத் துவைத்து, திருவிருந்துப் பாத்திரங்களை விளக்கி வைத்துவருகிறேன். சென்ற அறுப்பின் பண்டிகையில் பலரையும் பெயர் சொல்லி அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். சபைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து துடைப்பத்தைக் கையில் எடுக்கும்போதே மனம் கசக்கிறது. இந்தக் கசப்போடு செய்யும் ஊழியத்தைக் கர்த்தர் ஏற்பாரா, அல்லது விட்டுவிடுவதே மேலா?
- ஒரு சகோதரி, கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரி, ஊழியத்தை விடவேண்டாம். கசப்பையும் உள்ளே வைத்துப் பூட்டவேண்டாம்.

உங்களைப் போலவே மனம் நொந்த ஒருத்தியை லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம். தான் தனியே வேலைசெய்யும்படி சகோதரி விட்டுவிட்டாளே என்று மார்த்தாள் குறைபட்டாள். ஆனால் அந்தக் குறையை அவள் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லவில்லை, ஆண்டவரிடமே நேராகச் சொன்னாள். அவரும் அவளுடைய கவலையையும் கலக்கத்தையும் கடிந்தாரே தவிர, அவளுடைய பணிவிடையை வேண்டாமென்று தள்ளவில்லை. யோவான் 12-ஆம் அதிகாரத்தில் பெத்தானியாவில் இராவிருந்து நடக்கும்போது "மார்த்தாள் பணிவிடை செய்தாள்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அவள் சகோதரி மரியாள் அன்றும் ஆண்டவரின் பாதத்தண்டையில்தான் இருந்தாள், மார்த்தாளோ ஒரு வார்த்தையும் பேசவில்லை. மரியாள் ஆண்டவரின் பாதங்களில் பூசிய தைலத்தை முந்நூறு பணத்துக்கு விற்றிருக்கலாமே என்று அன்று குறை சொன்னவன் யூதாஸ்காரியோத்து. மார்த்தாளின் அந்த ஒரு வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுதலாயிருக்கிறது.

முறுமுறுப்பும் முறையீடும் ஒன்றல்ல. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்தார்கள் என்று சங்கீதம் 106 சொல்லுகிறது. மோசேயும் மனம் சோர்ந்தவர்தான். இந்த ஜனங்கள் எல்லாரையும் நான் ஒருவனாய்த் தாங்கமுடியாது என்று அவர் சொன்னதை எண்ணாகமம் 11-இல் காண்கிறோம். ஆனால் அவர் அதைக் கர்த்தரிடம் சொன்னார்; கர்த்தர் அவரைக் கண்டிக்காமல், பாரத்தைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பரைக் கொடுத்தார். முறுமுறுப்பில்லாமல் எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல் அப்போது காவலில் கட்டப்பட்டிருந்தார் என்பதையும், அதற்குச் சற்று முன்புதான் அடிமையின் ரூபமெடுத்த கிறிஸ்துவைப் பற்றி எழுதினார் என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஊழியத்துக்கு வந்த புதிதில், குன்னூருக்குக் கீழே எஸ்டேட் லயத்தை ஒட்டிய ஒரு சிற்றாலயத்தில் ஆராதனை நடத்திவந்தேன். என் உழைப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று வாரக்கணக்கில் நண்பர்களிடம் புலம்பிக்கொண்டிருந்த காலம் அது. துவைத்த துணி மூன்று நாளானாலும் உலராத ஒரு ஆடி மாதச் சனிக்கிழமை மாலையில், எதிர்பாராமல் ஆலயத்துக்குள் சென்றேன். கொழுந்து பறித்துவிட்டு வந்த ஓர் அம்மாள், ஈரமான பீடத்துணியைக் கரியடுப்பின் மேல் விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார். விரல்களில் தேயிலைக் கறை கருப்பாகப் படிந்திருந்ததால், அது வெள்ளைத் துணியில் ஒட்டாதபடி முந்தானையை இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "ஐயா, அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். பிடித்தேன். அந்தத் துணி விரித்த பீடத்தில் எட்டு மாதங்களாகத் திருவிருந்து பரிமாறியிருந்தும், அதைக் காயவைத்தது யாரென்று நான் கேட்டதே இல்லை. என்னை யாரும் கவனிக்கவில்லை என்று அழுதுகொண்டிருந்த நானே அவரைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் சபையின் தவறை நான் சிறிதாக்கமாட்டேன். "நாங்கள் அப்பிரயோஜனமான ஊழியக்காரர்" என்பது ஊழியக்காரர் தம்மைக் குறித்துச் சொல்லவேண்டிய வார்த்தை. சபை அவர்களைக் குறித்துச் சொல்வதற்கு அதில் இடமில்லை. ரோமர் 16-இல் பவுல் பெபேயாளையும், மிகவும் பிரயாசப்பட்ட மரியாள் என்ற வேறொருத்தியையும் பெயர் சொல்லியே நினைவுகூருகிறார். ஆயர்களும் சபைக் குழுவினரும் இதை வாசித்தால், தங்கள் ஆலயத்தைக் கூட்டுகிறவர் யாரென்று இந்த வாரமே விசாரிக்கட்டும்.

நீங்கள் முதலில் ஜெபத்தில் இதை மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு உங்கள் ஆயரைத் தனியே சந்தித்து, மனம் வருந்தியதையும் உடல் தளர்ந்திருந்தால் அதையும் சொல்லி, பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள். அப்போஸ்தலர் 6-இல் விதவைகளைக் குறித்த குறை அப்போஸ்தலர் முன்பாக வந்தபோதுதான் ஏழு பேர் நியமிக்கப்பட்டார்கள். ஆனால் பண்டிகைப் பட்டியலில் யார் பெயர் இருந்தது, யார் பெயர் இல்லை என்ற பேச்சைத் தண்ணீர்க் குழாயடியிலும் பேருந்திலும் தொடராதீர்கள்.

கேள்வி: எங்கள் ஞாயிறு பள்ளிக்கு நான்கு பிள்ளைகள்தான் வருகிறார்கள். மூன்று ஆண்டுகளாகியும் பலன் தெரியவில்லை, சலிப்பாக இருக்கிறது.
- ஒரு வாலிபர், கேத்தி

பதில்: தம்பி, நீங்கள் இருக்கும் கேத்தியில்தான் 1846-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த பாசல் மிஷன் ஊழியர்கள் பணி தொடங்கினார்கள். மொழி கற்று, ஹட்டி ஹட்டியாக, அதாவது படுகர் ஊர் ஊராக, நடந்தார்கள். நீலகிரியின் அந்தப் படுகர் மக்கள் நடுவே முதல் ஞானஸ்நானம் நடந்தது 1858-இல். இடையிலிருந்த 12 ஆண்டுகளும் அவர்களுக்கு ஊழிய ஆண்டுகளே. அடுத்த ஞாயிறு அந்த நால்வரில் ஒருவர் வராவிட்டால், பாடம் முடிந்ததும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.