ஆட்டுப்பட்டிக் காவலுக்கு நாயை நாள் முழுக்கச் சங்கிலியில கட்டி வைக்கலாமா?

கேள்வி: தம்பலகாமத்தில வயலும் கொஞ்ச ஆடும் வச்சிருக்கிறன் டொக்டர். நரிக்கும் கள்ளருக்கும் பயத்தில பட்டிக்குப் பக்கத்து வேப்பமரத்தில ஒரு நாட்டு நாயைக் கட்டி வச்சிருக்கிறன், குட்டியில இருந்தே அங்கதான். இப்ப மெலிஞ்சு போச்சு, கழுத்தில புண், மணக்குது, பிள்ளையள் கிட்டப் போனா உறுமுது. பக்கத்து வீட்டுக்காரர் பொலிசில சொல்லுவன் எண்டுறார். ஜேர்மனியில இருக்கிற மச்சானும் நாயைக் கட்டி வச்சாலே கேஸ் எண்டு போனில பேசுறார். உண்மையா?

பதில்: அண்ணை, சட்டத்துக்குப் பிறகு வருவம், முதல்ல அந்தக் கழுத்தைப் பாருங்கோ. குட்டியில போட்ட கழுத்துப்பட்டியை மாத்தாம விட்டா நாய் வளர வளர அது தோலுக்குள்ள இறங்கிடும், மணம் வருதெண்டா புழுவும் வச்சிருக்கலாம். இழுத்துக் கழட்டாதீங்கோ, மண்ணெண்ணெய், தார் ஒண்டும் பூசாதீங்கோ, இண்டைக்கே மிருக வைத்தியரிட்டக் கொண்டு போங்கோ, மயக்கித்தான் எடுக்கவேண்டி வரும். புதுசா போடுற பட்டி அகலமா இருக்கவேணும், உள்ளுக்க ரெண்டு விரல் லேசாப் போய் வரவேணும்.

மெலிவுக்கும் அந்த ஒரே இடம்தான் காரணமா இருக்கும் எண்டு நினைக்கிறன். நாய் படுக்கிறதும் பீ போறதும் ஒரே மண்ணில எண்டா குடலில ரத்தம் குடிக்கிற கொக்கிப்புழு அந்த மண்ணில இருந்து பாதத் தோலுக்குள்ளாலயே திரும்ப ஏறும், உண்ணி வேப்பம்பட்டை வெடிப்புக்குள்ளயும் சுவர் கீறலுக்குள்ளயும் முட்டை போடும், அதால நாய்க்கு மட்டும் மருந்து போட்டுக் காணாது, இடத்தையும் மாத்தவேணும். முரசு வெளிறிக் கிடந்தா உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பாக்கச் சொல்லுங்கோ. தயவுசெய்து வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தை உண்ணிக்கெண்டு நாயில தேய்க்க வேண்டாம், அது நாயைக் கொல்லும்.

அடுத்தது வெயில். ஆடி ஆவணியில கச்சான் அடிக்கிற நேரம் நாங்களே வெளியில நிக்கமாட்டம். நாய்க்கு எங்களை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, வாயைத் திறந்து இளைச்சுத்தான் சூட்டை வெளியேத்தும். காலமை இருந்த மர நிழல் பின்னேரம் மற்றப் பக்கம் போயிடும், சங்கிலி அங்க எட்டாது, தண்ணிச் சட்டியையும் அதே சங்கிலி தட்டி ஊத்திப்போடும். நாயின்ர சாதாரண சூடு 101 தொடக்கம் 102.5 பரனைட், 105 தாண்டினா ஆபத்து. நாக்கு கடுஞ்சிவப்பாகி, வீணி தடிச்சு வழிஞ்சு, கால் தள்ளாடினா உடனே நிழலுக்குக் கொண்டுபோய் கிணத்துத் தண்ணியை ஊத்தி விசிறிக்கொண்டே வைத்தியரிட்டப் போங்கோ. மாரியில வேற கரைச்சல், பள்ளக் காணியில வெள்ளம் ஏறினா கட்டின நாய்க்குத் தப்ப வழியே இல்லை. சனம் இடம்பெயரேக்க அவிட்டு விட மறக்கிறது நடக்கிற விசயம்.

கட்டிக் கிடக்கிற நாய்க்கு விசர் வராது எண்டு கன பேர் நம்பிக்கொண்டு ஊசி போடுறேல்ல. விசர் பிடிச்ச நாயோ நரியோ இரவில வளவுக்குள்ள வந்தா ஓட ஏலாம கடி வாங்கிறது அந்த நாய்தான், நீங்கள் கண்டிருக்கவும் மாட்டீங்கள், பிறகு சோறு வைக்கிற பிள்ளையைக் கடிக்கும். வருசா வருசம் ஊசி போடுங்கோ. ஆரையும் கடிச்சா காயத்தை ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேணும், நாயை அடிச்சுக் கொல்லாம 14 நாள் கவனிக்கவேணும்.

இப்ப சட்டம். உங்கட மச்சான் சொல்றது அங்கத்தையப் பொறுத்தவரை சரி, ஜேர்மனியில 2022இல இருந்து நாயைக் கட்டி வளர்க்கிறதுக்குப் பொதுவாத் தடை, ஆஸ்திரியாவில 2005இலயே சங்கிலிக்குத் தடை வந்திட்டுது. இலங்கையில கட்டிறதே குற்றம் எண்டு இல்லை. ஆனா 1907ஆம் ஆண்டு 13ஆம் இலக்க மிருகவதைத் தடைச் சட்டம் இருக்கு, செய்த செயலால மட்டுமில்ல செய்யாம விட்டதால தேவையில்லாத வேதனை வந்தாலும் குற்றம்தான், 100 ரூபா வரை தண்டம், இல்லாட்டி 3 மாசம் வரை மறியல், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். 100 ரூபாதானே எண்டு நினைக்காதீங்கோ, புழுத்த கழுத்தோட நாய் நிக்கிறதை அயலவர் போட்டோ எடுத்துக் குடுத்தா நீங்கள் பொலிசுக்கும் கோட்டுக்கும் அலையவேணும். அதுக்காக ரோட்டில அவிட்டு விடுறதும் சரியில்லை, 1893ஆம் ஆண்டு விசர்நோய்ச் சட்டப்படி பொது இடத்தில கட்டுப்பாடில்லாம திரியிற நாயைப் பிடிக்கலாம். 1901ஆம் ஆண்டு சட்டப்படி பிரதேச சபையில பதிவும் வேணும்.

அப்ப காவலுக்கு என்ன செய்யிறது? உண்மையைச் சொன்னா கட்டின நாய் காவலே இல்லை அண்ணை, சங்கிலி எவ்வளவு நீளம் எண்டு நரி ரெண்டு இரவில படிச்சிடும். ஆட்டுப்பட்டியைச் சுத்தி வலைக்கம்பி அடைச்சு நாயை அதுக்குள்ள இரவில அவிட்டு விடுங்கோ. படுக்கைக்கு நிலத்தில இருந்து உயத்தி ஒரு பலகை, மேல தகரம் வேண்டாம், கிடுகு போதும். தண்ணிச் சட்டியைப் பாதி மண்ணுக்குள்ள தாட்டு வையுங்கோ. வேலி முடியும் வரைக்கும் ரெண்டு தூணுக்கிடையில தடிச்ச கம்பி இழுத்து வளையத்தில சங்கிலியை ஓடவிடலாம், ஆனா வளையம் தூணில சுத்தாம ரெண்டு பக்கமும் தடை வேணும், பாயிறதுக்கு மதிலோ வேலியோ கிட்ட இருக்கக்கூடாது, பாய்ஞ்சு மற்றப் பக்கம் தொங்கிச் செத்த நாய்களைக் கண்டிருக்கிறன்.

உறுமுறது குணம் கெட்டதால இல்லை, நோவும் பயமும் தான். புண் ஆறும் வரைக்கும் பிள்ளையளை விடாதீங்கோ. ஒவ்வொரு நாளும் விடியக்காலமை நீங்களே கையால சாப்பாடு குடுத்து வயல் வரம்பால ஒரு சுத்து கூட்டிக்கொண்டு போங்கோ, பிள்ளையள் உங்களுக்குப் பின்னால நிண்டு பழகட்டும்.