இருபதுக்குப் பதில் இருபத்தெட்டு: பழைய பைக், புது கார்புரேட்டர் – கேள்வி பதில்

பழைய வண்டிக்காரர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஃபிரிட்ஜ், மிக்ஸிக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மட்டும்தான்.

கேள்வி: என்னுடையது 1994 யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். ஆன்லைனில் 28 எம்எம் ஃப்ளாட் ஸ்லைடு கார்புரேட்டர் ஒன்றை 2,150 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். முதல் நாள் சீறிக்கொண்டு போனது. பத்தாம் நாள் ஆத்தூர் ரோட்டில் பிஸ்டன் ஜாம். விற்றவர் "செட்டிங் உங்கள் தப்பு" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? – சேலம் வாசகர்

பதில்: விற்றவர் பக்கம் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அவர் சொல்வதில் பாதி உண்மை. உங்கள் வண்டி 98 சிசி. அதற்குக் கம்பெனி வைத்தது 20 எம்எம். நீங்கள் வைத்தது அதைவிட எட்டு எம்எம் அகலம். வாய் பெரிதானால் உள்ளே போகும் காற்றின் வேகம் குறையும், பெட்ரோலை மேலே இழுக்கும் சக்தியும் குறையும். பாதி ஆக்சிலரேட்டரில் வண்டி மூச்சு வாங்கியிருக்குமே, கவனிக்கவில்லையா?

உங்கள் கடிதம் இரண்டு பக்கம். பெட்ரோல் பாயும் சிறு துளைதான் ஜெட்; அதன் நம்பர் ஒன்றுகூட அதில் இல்லை. பெட்டியைப் பிரித்து, மாட்டி, உதைத்துக் கிளம்பிவிட்டீர்கள். அந்தப் பெட்டியில் வந்த மெயின் ஜெட் எந்த வண்டிக்கு அளந்து போட்டது? யாருக்கும் தெரியாது. அநேகமாக எந்த வண்டிக்கும் இல்லை. ஜெட் சிறிதாக இருந்தால் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும், பிஸ்டன் உப்பிப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். ஆர்எக்ஸில் ஆக்சிலரேட்டர் கேபிள் நடுவில் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை கார்புரேட்டருக்குப் போகும், மற்றது இன்ஜினுக்கு ஆயில் ஊட்டும் ஆட்டோலூப் பம்ப்புக்கு. கார்புரேட்டரை மாற்றிக் கேபிள் நீளம் மாறினால், பம்ப்பில் உள்ள குறியைப் பார்த்து மறுபடி பொருத்த வேண்டும். அதைச் செய்தீர்களா? செய்யவில்லை என்றால் ஆயில் குறைந்திருக்கலாம்; பத்து நாள் ஓடியதே அந்த வண்டியின் பெருந்தன்மை.

பணம் விஷயம். விளம்பரத்தில் "ஆர்எக்ஸ் 100-க்கு அப்படியே பொருந்தும்" என்று போட்டிருந்தார்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பொருள் விவரத்துக்கு மாறாக இருந்தது என்று கார்புரேட்டர் விலையைக் கேட்கலாம். அந்தத் தளத்தில் குறைதீர்ப்பு அதிகாரி என்று ஒருவர் இருந்தாக வேண்டும். 2020-ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகள்படி அவர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஜாமான சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் (போரிங்) செலவை அவர்கள் தலையில் கட்டுவது கஷ்டம். அதை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: 900 ரூபாய்க்குப் பிராண்டு பெயர் இல்லாத கார்புரேட்டர் கிடைக்கிறது. யெஸ்டிக்குப் போடலாமா? – திருப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம்.

கேள்வி: 1986 மாடல் புல்லட் 350. ஸ்லோவில் நிற்பதில்லை. ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கிறது. கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். என்ன வாங்கலாம்? – காரைக்குடி வாசகர்

பதில்: இன்னும் எதுவும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு குறையும் எங்கோ காற்று ஒழுகுகிறது என்பதற்கான அடையாளம். ஒரு ஊசி சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சூடாகி ஸ்லோவில் தட்டுத் தடுமாறி ஓடும்போது, கார்புரேட்டரும் இன்ஜினும் சேரும் இடத்தைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓர் இடத்தில் சட்டென்று சத்தம் மாறும். ஒழுகல் அங்கேதான். இடையில் இருக்கும் கேஸ்கெட் அட்டையை மாற்றினால் தீர்ந்தது.

மாற்றியும் தீரவில்லை என்றால் கார்புரேட்டரைக் கழற்றி, இன்ஜினோடு சேரும் அதன் தட்டையான முகத்தை (ஃப்ளாஞ்ச்) கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு நட்டையும் மெக்கானிக்குகள் பலம் காட்டி முறுக்கி முறுக்கி, அது வில்லாக வளைந்திருக்கும். கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்து மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். கடைசியாக, ஆக்சிலரேட்டரைத் திருகினால் மேலே ஏறும் ஸ்லைடைக் குழாய்க்குள் விட்டு விரலால் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. அப்போது 24 எம்எம்மே வாங்குங்கள். 28 என்பது 500 சிசி புல்லட்டுக்கு வைத்தது. "கொஞ்சம் பெரிசா போட்டா பிக்கப் கூடும்" என்று யாராவது சொன்னால், சேலம்காரர் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி: ராஜ்தூத் 350-இல் ஒரு பக்கக் கார்புரேட்டர் மட்டும் கெட்டுவிட்டது. அதை மட்டும் வேறு பிராண்டில் வாங்கலாமா? – வேலூர் வாசகர்

பதில்: ஒரு காலில் செருப்பு, மறுகாலில் ஷூ. வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள். இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் தூக்குகிறதா என்று பார்த்துப் பொருத்துங்கள்.

கேள்வி: கடையில் "இது ஒரிஜினல் மிகுனி" என்கிறார்கள். எப்படி நம்புவது? – மதுரை வாசகர்

பதில்: இந்த "ஒரிஜினல்" என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அதற்கு நாலு அர்த்தம். வண்டியோடு ஃபேக்டரியிலிருந்து வந்தது ஒன்று. கார்புரேட்டர் கம்பெனியே ஜப்பானில் செய்தது இன்னொன்று. அந்தக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து நம் ஊரில் செய்தது மூன்றாவது. சென்னையில் யூகால் நிறுவனம் மிகுனியோடு சேர்ந்து செய்தது இந்த வகை, அதில் ஒரு குறையும் இல்லை. நாலாவது, பெட்டி மேல் அப்படி அச்சடித்திருப்பது. கடைக்காரர் எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று கேட்டால் கோபப்படுவார். கேளுங்கள்.

நான் கேட்காமல் வாங்கியிருக்கிறேன். என் புல்லட்டுக்கு ஒரு கார்புரேட்டர், பளபளவென்று நீலப் பெட்டி, மேலே ஜப்பான் என்று அச்சு. வீட்டுக்கு வந்து மாட்டி, பெட்ரோல் குழாயை மூட மறந்து தூங்கிவிட்டேன். கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் ஊசி ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. விடிகாலை அம்மா கோலம் போடக் கதவைத் திறந்தால் திண்ணை முழுக்கப் பெட்ரோல். அடுப்பைப் பற்றவைக்காதே என்று வீடே அலறியது. அப்புறம்தான் பெட்டியை எடுத்து நிதானமாகப் படித்தேன். "ஜப்பான்" என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து குறைந்தது.

ஆகவே முதலில் பெட்டியைப் படியுங்கள். செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, எந்த நாட்டுப் பொருள் என்ற விவரங்கள் பொட்டலத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். முகவரி இல்லாத பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள். அடுத்து, அடியில் உள்ள கிண்ணத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மிகுனியின் ஜெட்டில் எண்ணோடு ஒரு சின்னச் சதுர முத்திரையும் இருக்கும். போலியில் எண் கோணலாக இருக்கும், அல்லது எண்ணே இருக்காது. வார்ப்பின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள், பிசிறு தட்டக் கூடாது. கழற்றிக் காட்ட மாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

இன்னொன்று. மிகுனியின் ஆறு பக்கம் கொண்ட மெயின் ஜெட்டில் உள்ள எண், அதன் வழியே எவ்வளவு பெட்ரோல் பாயும் என்ற அளவு. கெய்ஹின் என்ற இன்னொரு பிராண்டில் அது துளையின் விட்டம். ஆகவே இதில் 110, அதிலும் 110 என்று மாற்றிப் போடாதீர்கள். கடைக்காரர் போடலாம் என்பார். அவர் ஒரிஜினல் என்றும் சொன்னவர்தான்.

கேள்வி: என் அப்பாவின் 1971 ஜாவாவை மறுபடி ஓட்ட ஆசை. முகநூலில் அறிமுகமான ஒருவர், பிரிக்காத பாக்ஸ் பீஸ் ஜிகோவ் கார்புரேட்டர் இருக்கிறது என்று 9,500 ரூபாய் வாங்கினார். வந்தது பழையது, வெளியே பாலிஷ் போட்டிருக்கிறது, உள்ளே பச்சை பூத்திருக்கிறது. ஃப்ளோட்டில் (மிதவை) ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பில் இல்லை. நான் ஏமாந்தது என் தப்புதானே? – கும்பகோணம் வாசகர்

பதில்: உங்கள் தப்பு இல்லை ஐயா. அப்பா வண்டி என்று தெரிந்ததும் விலை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்; அந்த ஆசையைத்தான் அவர் விற்றார். இன்றைக்கே 1930 என்ற சைபர் மோசடி எண்ணுக்குப் பேசுங்கள். பணம் அனுப்பிய ஜிபே விவரம், அவர் அனுப்பிய படங்கள், "பிரிக்காதது" என்று எழுதிய செய்தி, பார்சல் உறை எதையும் அழிக்காதீர்கள். பில் இல்லாவிட்டாலும் இவை சாட்சி.

அவர் இதையே தொழிலாகச் செய்கிறவராக இருந்தால் (முகநூலில் அவர் பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்) மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் கும்பகோணத்தில் இருப்பதால் உங்கள் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள்.

வழக்கு முடியும்வரை அந்தக் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். முடிந்தபின் அது உங்களிடமே இருந்தால், ஃப்ளோட்டைச் சுடுதண்ணீரில் முக்கிப் பாருங்கள். ஓட்டை இருந்தால் குமிழி வரும். வராவிட்டால் அந்த ஈயம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஜெட்களை நன்றாகச் சுத்தம் செய்து போட்டுப் பாருங்கள். அப்பாவின் வண்டி ஓடினாலும் ஓடும்.

கேள்வி: பில்லில் "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்தால் சோக் லீவர் உடைந்திருக்கிறது. – நாகர்கோவில் வாசகர்

பதில்: ஸ்டாம்ப் சட்டம் ஆகாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைத் திருப்பி வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் உங்களுக்கு உண்டு. நாளைக்கே போங்கள்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு என் பழைய வண்டி தடுமாறுகிறது. புதுக் கார்புரேட்டர் போட்டால் தீருமா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: தீராது. எத்தனால் பழைய ரப்பரை உப்ப வைக்கும், ஈரத்தை இழுக்கும், கலவையையும் கொஞ்சம் லீன் (பெட்ரோல் குறைவு) ஆக்கும். குழாய், ஓ-ரிங், கேஸ்கெட்டை மாற்றுங்கள். பிளக் வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் கூட்டுங்கள். பத்து நாள் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

கேள்வி: என் 1989 ஆர்எக்ஸை வின்டேஜ் என்று பதிவு செய்து, பெரிய கார்புரேட்டரோடு தினமும் ஆபீஸ் போக முடியுமா? – சென்னை வாசகர்

பதில்: 2021-இல் வந்த விதிப்படி வின்டேஜ் என்றால் 50 வயது தாண்டியிருக்க வேண்டும், இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, தினசரி ஓட்டவும் கூடாது. மூன்றிலும் ஃபெயில்.

கேள்வி: புதுக் கார்புரேட்டர் மாட்டியாகிவிட்டது, நன்றாக ஓடுகிறது. பழையதை 300 ரூபாய்க்கு எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்வதாக மெக்கானிக் சொல்கிறார். கொடுக்கலாமா? – திண்டுக்கல் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். துணியில் சுற்றிப் பரண் மேல் வையுங்கள். நானும் ஒருமுறை இதே 300-க்குத்தான் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து வேறொரு ஊர்க் கடையில் "ஒரிஜினல்" என்று 4,000 சொன்னார்கள். ஸ்க்ரூடிரைவர் வழுக்கி நான் போட்ட கீறல் பக்கவாட்டில் அப்படியே இருந்தது. 3,600-க்குப் பேசி வாங்கி வந்தேன்.