குரல் ஏன் உடைகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) மைக்கை மாட்டிப் பாடிப் பதிவு செய்கிறேன். மெதுவாகப் பாடும் இடமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, மேல் ஸ்தாயிக்குப் போனால் குரல் கரகரவென்று உடைகிறது. மீட்டர் சிவப்பைத் தொடும் அளவுக்கு வைத்தால்தான் பதிவு தரமாக இருக்கும் என்று சொன்னார்கள். அப்புறம் மென்பொருளில் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரை இறக்கிப் பார்த்தும் கரகரப்பு போகவில்லை.

பதில்: உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அது டேப் காலத்துப் பாடம். டேப்பில் எப்போதும் ஒரு 'உஸ்' சத்தம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், அதை அமுக்க லெவலை நன்றாக ஏற்றித்தான் பதிவு செய்தார்கள். கொஞ்சம் மிஞ்சினாலும் டேப் அலையின் முனையை மெல்ல மெல்ல வளைத்துக்கொடுக்கும், சிலருக்கு அந்த ஒலியே பிடித்தும் போனது. டிஜிட்டலில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே ஒலி என்பது வெறும் எண்கள். 16 பிட்டில் (பிட் என்பது ஓர் எண்ணை எழுதக் கிடைக்கும் 0 அல்லது 1 என்ற ஓர் இடம்) எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. மீட்டரில் உச்சியில் இருக்கும் 0 என்பது அதுதான். உங்கள் குரல் அதைத் தாண்டினால் எழுத எண்ணே இல்லை, அதனால் அதே 32,767-ஐயே அடுத்தடுத்து எழுதிவைக்கிறது. அலையின் தலையைச் சீவிவிட்டது மாதிரி. நீங்கள் கேட்கும் கரகரப்பு அந்தச் சீவிய இடம்தான், இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம்.

இப்போது ஃபேடரை இறக்கினால் என்ன ஆகும்? தலை சீவிய அலை அப்படியே சின்னதாகும், அவ்வளவுதான். அதனால் குறைக்க வேண்டியது இன்டர்ஃபேஸில் மைக்குக்கான கெயின் குமிழை, அதாவது ஒலி உள்ளே வரும்போதே அதை எவ்வளவு பெருக்குவது என்று தீர்மானிக்கும் குமிழை. ஹெட்போன் வால்யூமையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது உங்கள் காதுக்கு மட்டும், பதிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எவ்வளவு வைப்பது? 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். சராசரி லெவல் மைனஸ் 18 டெசிபல் (டெசிபல் ஒலியளவின் அலகு, மைனஸ் என்றால் மீட்டரின் 0-க்குக் கீழே) பக்கம் ஓடட்டும், பீக், அதாவது மிக அதிகமாக ஏறும் இடம், மைனஸ் 12, அதிகம் போனால் மைனஸ் 10. பார்க்க மீட்டர் பாதிதான் ஏறியிருக்கும், மனசு கேட்காது, ஆனாலும் கையை வைக்காதீர்கள். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் என்பது கணக்கு. 12 டெசிபல் இடம் விட்டால் நீங்கள் இழப்பது 2 பிட், மீதி 22 இருக்கிறது. உங்கள் அறையின் மின்விசிறிச் சத்தம் அந்த 22 பிட்டின் அடிமட்டத்தைவிட எவ்வளவோ மேலே இருக்கும், அதனால் தரத்தில் எதுவும் குறையாது. பிற்பாடு மிக்ஸ் செய்யும்போது தேவையான அளவு ஏற்றிக்கொள்ளலாம்.

லெவல் பார்க்கும்போது 'ஹலோ, ஹலோ, செக்' என்று சொல்லிப் பார்ப்பதில் பயனே இல்லை. பாட்டில் எந்த வரி உங்களிடம் அதிகச் சத்தம் கேட்கிறதோ அந்த வரியை முழுத் தொண்டையில் பாடிப் பாருங்கள். பார்த்துவிட்டு இன்னும் ஓர் 5, 6 டெசிபல் குறையுங்கள், ஏனென்றால் நிஜப் பதிவில் எல்லோருமே ஒத்திகையைவிடச் சத்தமாகத்தான் பாடுகிறார்கள். ஒருமுறை ஒரு பெரியவரை இரண்டு மணி நேரம் பேட்டி எடுத்தேன். அவர் நிதானமாகப் பேசுவதை வைத்து லெவல் வைத்திருந்தேன், மனிதர் வாய்விட்டுச் சிரித்த இடமெல்லாம் உடைந்துபோயிருந்தது. அந்தச் சிரிப்புகள்தான் பேட்டியின் உயிர். அந்த வருத்தம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கேள்வி: என் மீட்டர் மைனஸ் 8-ஐத் தாண்டியதே இல்லை. ஆனாலும் உடைகிறது. எப்படி?

பதில்: மீட்டர் காட்டுவது எண்ணாக மாறிய பிறகான அளவை. அதற்கு முன்பே எங்கோ உடைந்திருந்தால் மீட்டருக்குத் தெரியாது. பதிவான அலையை மென்பொருளில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். முனைகள் உச்சியைத் தொடாமல், நடுவிலேயே ஒரே உயரத்தில் தட்டையாக இருந்தால் மைக் ப்ரீஆம்ப்பிலோ (மைக்கிலிருந்து வரும் சின்னச் சிக்னலைப் பெருக்கும் பகுதி), அதற்கு முன்னால் இருக்கும் மிக்ஸரிலோ பிரச்சினை. கீபோர்டு மாதிரி லைன் அளவில், அதாவது மைக்கைவிடப் பலமான சிக்னலாக வருவதை மைக் இன்புட்டில் செருகியிருந்தாலும் இப்படி ஆகும். கெயினை முழுக்கக் குறைத்தும் தீரவில்லை என்றால் உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் பேட் பொத்தான் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் மைக்கைத் தள்ளிவையுங்கள். அப்புறம் இன்னொன்று: சில மென்பொருள்களில் மீட்டர் ஃபேடருக்குப் பிந்தைய அளவைக் காட்டும். ஃபேடர் இறங்கியிருந்தால் உள்ளே உடைவதை அது மறைத்துவிடும். அலை சுத்தமாகத் தெரிந்து காதில் மட்டும் உடைந்தால், ஹெட்போனை மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: 32 பிட் ஃப்ளோட்டில் பதிவு செய்தால் லெவலே பார்க்க வேண்டாமாமே?

பதில்: 32 பிட் ஃப்ளோட் என்பது 0-க்கு மேலே போவதையும் எழுத இடம் தரும் எண் முறை. அதற்கென்றே செய்த ரெக்கார்டராக இருந்தால் பெரும்பாலும் உண்மை, 0-ஐத் தாண்டிப் போனதையும் அப்புறம் இறக்கி மீட்டுவிடலாம். ஆனால் சாதாரண 24 பிட் இன்டர்ஃபேஸை வைத்துக்கொண்டு மென்பொருளில் மட்டும் 32 பிட் ஃப்ளோட் என்று மாற்றினால் ஒன்றும் ஆகாது, ஒலி இன்டர்ஃபேஸிலேயே சீவப்பட்டுத்தான் உள்ளே வருகிறது. மைக்கே தாங்காத சத்தம் என்றால் எந்த ரெக்கார்டராலும் காப்பாற்ற முடியாது.

கேள்வி: ஏற்கெனவே உடைந்த பதிவைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில்: டீகிளிப் கருவிகள் இருக்கின்றன. சீவிய இடத்தில் அலை எப்படிப் போயிருக்கும் என்று ஊகித்து நிரப்பும். அங்கொன்று இங்கொன்று என்றால் நன்றாகவே கேட்கும், வரிக்கு வரி உடைந்திருந்தால் கேட்காது. மறுபடி பாட முடியும் என்றால் மறுபடி பாடிவிடுங்கள்.