தாத்தா ஜாவாவோட தகட்டுல கை வைக்காதீங்க தம்பி

கேள்வி: அண்ணே, எங்க தாத்தா 1968ல வாங்குன ஜாவா 250 ரொம்ப வருஷமா கொட்டாய்லயே கெடக்கு. ஆர்.சி. புக் இருக்கு, தாத்தா பேர்லதான், அவரு தவறிட்டாரு. ஹேண்டில் கழுத்துல இருக்குற தகடு கறுத்துப்போயி சேசிஸ் நம்பர் (வண்டி ஃப்ரேம் நம்பர்) சரியா தெரியல, தேச்சிட்டு புதுசா பஞ்ச் அடிச்சுடலாம்னு மெக்கானிக் சொல்றாரு. விண்டேஜ்ல (ரொம்பப் பழைய வண்டிங்களுக்கான பதிவு) போட்டா புது பதிவு நம்பரே கிடைக்கும்னு ஒரு புரோக்கர் சொல்றாரு. என்ன பண்றது?
- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தம்பி, மொதல்ல அந்த மெக்கானிக்க வண்டி பக்கமே விடாதீங்க. நம்ம ஊரு உப்புக்காத்துல எந்த தகடும் கறுக்கத்தான் செய்யும், அதுக்காக நம்பர தேச்சிட்டு வேற குத்துனா நாளைக்கு இன்ஸ்பெக்டர் பாக்கும்போது அது திருட்டு வண்டி கணக்காத்தான் தெரியும், அப்புறம் தாத்தா வண்டிதான்னு நீங்க எப்படி நிரூபிப்பீங்க? மண்ணெண்ணெய்ல துணிய நனைச்சி மெதுவா தொடைங்க, காஞ்சதும் மேல சாக்பீஸ் தேச்சா பள்ளத்துல இருக்குற எழுத்து வெள்ளையா தெரியும். சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் பேப்பர் வெச்சி பென்சில்ல தேச்சி பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோட ஒத்துப்பாருங்க. நம்பர் நெசமாவே அழிஞ்சிருந்தா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதிக்குடுத்து அனுமதி வாங்கிட்டுதான் மறுபடி குத்தணும். பெயின்ட் அடிக்கும்போது அந்த எடத்துல டேப் ஒட்டிடுங்க.

அடுத்து பேர் மாத்துங்க. இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், படிவம் 31, வாரிசுங்க எல்லாரோட சம்மதமும் வேணும், சித்தப்பா அத்தைங்க இருந்தா இப்பவே பேசிடுங்க.

புரோக்கர் சொன்னது தப்பு. 2021 ஜூலைல வந்த விண்டேஜ் விதிப்படி மொதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டி, சேசிஸ் இன்ஜின்ல பெருசா மாத்தம் பண்ணாத சொந்த வண்டிக்கு அந்தப் பதிவு உண்டு, ஆனா ஏற்கனவே பதிவான வண்டிக்கு பழைய நம்பரயே வெச்சிக்கலாம். டி.என்.னுக்கு அப்புறம் வி.ஏ.ன்னு வர்றது புதுசா பதியுற வண்டிக்குத்தான், அதுக்கு ஃபீஸ் 20,000 ரூபா, அடுத்த மறுபதிவுக்கு 5,000. தாத்தாவோட மூணெழுத்து நம்பர் எவ்ளோ அழகு, அத எதுக்கு விடணும்?

விண்டேஜ் பதிவு 10 வருஷம் செல்லும், ஆனா தினப்படி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடன்னு போகலாம், அவ்ளோதான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பொண்டாட்டி புள்ளைய ஏத்திக்கிட்டு சில்வர் பீச் போகணும்னா அது ஒத்துவராது. அப்படி ஓட்டத்தான் ஆசைன்னா படிவம் 25 போட்டு வண்டிய இன்ஸ்பெக்‌ஷன்ல காட்டி சாதாரண ஆர்.சி.யவே 5 வருஷத்துக்கு புதுப்பிங்க. எனக்கு இதுதான் சரின்னு படுது, ஜாவா ரோட்டுல ஓடணும் தம்பி.

கேள்வி: கடலூர்ல வாங்குன 1982 புல்லட்ட புதுச்சேரியிலயே வெச்சி ஓட்டுறேன். தமிழ்நாட்டு நம்பரோடவே இருக்கலாமா?
- ஒரு வாசகர், முதலியார்பேட்டை

பதில்: 12 மாசம் வரைக்கும் இருக்கலாம். அதுக்கு மேல அங்கயே வெச்சிருந்தா கடலூர் ஆர்.டி.ஓ.வுல படிவம் 28 குடுத்து என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லன்னு சான்று) வாங்கிட்டு புதுச்சேரியோட பி.ஒய். நம்பருக்கு மாத்தித்தான் ஆகணும். பழைய நம்பர் போயிடும், எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. கடலூர்ல சொந்த வீடு இருந்து வண்டி அங்கதான் நிக்குதுன்னா மாத்த வேண்டியதில்ல.