கேள்வி பதில்: தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?

கேள்வி: குண்டு வைப்பவனைப் பிடிக்கத்தானே பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்? தப்பு செய்யாதவன் எதற்குப் பயப்பட வேண்டும்?

பதில்: பிடிபட்டவன்தான் குண்டு வைத்தவன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் விசாரணை என்று ஒன்று இருக்கிறது. இந்தச் சட்டங்கள் கை வைப்பது அதற்கு முந்தைய கட்டத்தில்.

உபா என்று நாம் சொல்லும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் உள்ளே இருப்பவர் ஜாமீனில் வரலாம், அது அவருடைய உரிமை. உபாவில் அரசு வழக்கறிஞர் ஓர் அறிக்கை கொடுத்து அதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் அந்தக் கெடு 180 நாள் வரை நீளும். முன்ஜாமீன் கிடையாது. அப்புறம் 43டி(5) என்று ஒரு பிரிவு இருக்கிறது, மொத்தச் சட்டத்தின் உயிரும் அதில்தான். போலீஸின் விசாரணைக் குறிப்பேடான கேஸ் டைரியையோ குற்றப்பத்திரிகையையோ படித்துப் பார்த்து, குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இருப்பதாக நீதிபதி நம்பினால் ஜாமீன் கொடுக்கக் கூடாது. அவர் படிப்பது யார் எழுதியதை? போலீஸ் எழுதியதை! சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்து, இவர் சொல்வது பொய் என்று காட்டும் வாய்ப்பு வழக்கு விசாரணை தொடங்கிய பிறகுதான் வரும், அது எப்போது தொடங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஜாமீன் கட்டத்தில் ஆதாரங்களை எடைபோட்டுப் பார்க்கக் கூடாது என்று 2019-ல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஸ்டேன் சுவாமி பாதிரியார் திருச்சி மாவட்டத்துக்காரர், ஜார்க்கண்டில் பழங்குடி மக்களோடு வேலை செய்தவர். 2020 அக்டோபரில் உபாவில் கைதானபோது வயது 83. நடுக்குவாத நோயால் டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாமல், உறிஞ்சு குவளை கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5-ம் தேதி இறந்தார், வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை. அவர் தப்பு செய்தாரா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் கடைசி வரை சொல்லவில்லை.

கேள்வி: தடா, பொடா, உபா மூன்றும் ஒன்றுதானா? பெயர்தான் மாறுகிறதா?

பதில்: பாதி சரி. தடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் 1985-ல் வந்தது, 1987-ல் மறுபடி இயற்றப்பட்டது, 1995-ல் காலாவதியானது. அதே வகைச் சட்டமான பொடா 2002-ல் வந்து 2004-ல் ரத்தானது. இரண்டும் குறிப்பிட்ட காலத்துக்கு என்று கொண்டுவரப்பட்டவை, நீட்டிக்க வேண்டுமென்றால் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும். உபாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அது 1967-லிருந்தே இருக்கும் சட்டம். பொடாவை ரத்து செய்தபோதே அதன் பல பிரிவுகளை உபாவுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், 2008-ல் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு ஜாமீன் கெடுபிடிகளும் சேர்ந்தன. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அமைப்புகளை மட்டுமல்லாமல் தனி மனிதரையும் எந்த நீதிமன்றத் தீர்ப்பும் இல்லாமலே பயங்கரவாதி என்று மத்திய அரசு அறிவிக்கலாம். பொடா போய்விட்டது என்று அன்று பட்டாசு வெடித்தவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

ஒரு வித்தியாசத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தடாவில் எஸ்.பி. அந்தஸ்துள்ள போலீஸ் அதிகாரி எழுதிக்கொள்ளும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகச் செல்லும், பொடாவிலும் அப்படித்தான். உபாவில் அது இல்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ராஜீவ் காந்தி கொலை வழக்கே போதும். 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது, இது தடா சட்டத்தின் கீழ் வரும் குற்றமே இல்லை என்றும் சொன்னது. சரி, அப்படியானால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள்? அவை மட்டும் செல்லும் என்றது! அந்த வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவர்களில் ஒருவரான பேரறிவாளன், குண்டுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட பேட்டரியை வாங்கித் தந்தபோது அது எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று சொன்னாராம்; அதை எழுதாமல் விட்டதாக, அவருடைய வாக்குமூலத்தை எழுதிய அதிகாரியே 2013-ல் வெளியே சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே மாதம். 1991-ல் பிடித்த ஆளுக்கு.

கேள்வி: நல்ல ஆட்சி இருந்தால் இந்தச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்த மாட்டார்கள் அல்லவா?

பதில்: வைகோவைக் கேளுங்கள். 2002-ல் பொடா மசோதாவை ஆதரித்த கூட்டணியில் அவருடைய கட்சியும் இருந்தது. சில மாதங்கள் கழித்து அதே சட்டத்தில், திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசிய பேச்சுக்காகக் கைதாகி வேலூர் சிறையில் 19 மாதம் இருந்தார். சட்டம் போட்டது டெல்லி, கைது செய்தது சென்னை. வெறும் தார்மிக ஆதரவுப் பேச்சு குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கம் சொன்ன பிறகும் அவர் வெளியே வர 2004 பிப்ரவரி ஆனது. சட்டத்தை ஆதரிக்கும்போது அது நமக்குப் பிடிக்காத முதலமைச்சர் கையில் இருப்பதாக நினைத்துப் பார்ப்பது நல்லது.

கேள்வி: வெளிநாடுகளில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

பதில்: பெரிதாக ஒன்றும் இல்லை. இலங்கையில் 1979-ல் மூன்று வருடத்துக்கு என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982-ல் நிரந்தரமாகி, ஒரு தலைமுறைத் தமிழ் இளைஞர்களையே விழுங்கியது. பிரிட்டனில் 2005-ல் குற்றம் சாட்டாமல் 90 நாள் அடைத்து வைக்க வேண்டும் என்று டோனி பிளேர் கேட்டார், அவருடைய கட்சிக்காரர்களே எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தார்கள். 28 நாள் கிடைத்தது, பிறகு அதுவும் 14 நாளாகக் குறைந்தது. நம்முடைய 180 நாளை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் மாவோயிஸ்ட் புத்தகம் இருந்தால் கைது செய்வார்களா?

பதில்: கைது செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள். வன்முறையைத் தூண்டும் எழுத்தாகவே இருந்தாலும் அதை வைத்திருந்தது மட்டும் குற்றமாகிவிடாது என்று 2023 ஜூலையில் செயற்பாட்டாளர் வெர்னான் கொன்சால்வஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி ஜாமீன் கொடுத்தது. அதற்குள் அவர் உள்ளே கிட்டத்தட்ட ஐந்து வருஷம் இருந்துவிட்டார். அதே வருஷம் மார்ச்சில் இன்னொரு தீர்ப்பு வந்தது: தடை செய்யப்பட்ட அமைப்பில் வெறும் உறுப்பினராக இருப்பதே குற்றம்தான் என்று. எனவே புத்தகம் இருக்கட்டும், உறுப்பினர் அட்டை வேண்டாம்.

கேள்வி: குறை சொல்வது சுலபம். பயங்கரவாதிகளை என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

பதில்: பிடியுங்கள், சீக்கிரம் விசாரியுங்கள், நிரூபித்துத் தண்டியுங்கள். நான் கேட்பது அந்த 'சீக்கிரம்' மட்டும்தான். வழக்கை நடத்தாமல் ஆளை வைத்திருக்க வசதி செய்துகொடுக்கும் சட்டம் போலீசைச் சோம்பேறியாக்கும், உண்மையில் குண்டு வைத்தவன் தெருவில் நடந்துகொண்டிருப்பான். விசாரணை இழுத்துக்கொண்டே போனால் 43டி(5) இருந்தாலும் ஜாமீன் கொடுக்கலாம் என்று 2021-ல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தது. ஒரே மாதிரி வழக்கில் ஒருவருக்கு அந்தக் கதவு திறக்கிறது, இன்னொருவருக்கு மூடுகிறது என்பதுதான் பிரச்சினை. அதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும், இத்தனை வருஷத்தில் வழக்கு முடியாவிட்டால் ஜாமீன் என்று. வேண்டுமென்றே பொய் வழக்குப் போடும் போலீஸ் அதிகாரிக்கு 2 ஆண்டு வரை சிறை என்று பொடாவிலாவது ஒரு பிரிவு இருந்தது. அதையும் உபாவுக்குக் கொண்டுவந்திருக்கலாம், மற்றதையெல்லாம் மறக்காமல் கொண்டுவந்தவர்கள்.

கேள்வி: நம் வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் முதலில் என்ன செய்வது?

பதில்: கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உபா வழக்கிலும் அதைக் கைதானவருக்கு எழுத்துமூலம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் கைதே செல்லாது என்று 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும், அப்போது உங்கள் வழக்கறிஞர் அங்கே இருக்க வேண்டும். ரிமாண்ட் ஆன தேதியை, அதாவது காவலில் வைக்க நீதிபதி முதலில் உத்தரவிட்ட தேதியை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 90-வது நாளும் 180-வது நாளும் அதிலிருந்துதான் கணக்கு, கெடு முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் அன்றைக்கே ஜாமீன் மனுப் போட வேண்டும். அவர்கள் முந்திக்கொண்டு தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.