கலங்கலும் தெளிவும்

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். கூட்டங்களில் என் கருத்தைக் கைவிடும்போது ‘ஐ சேஞ்ச்டு மை மைண்ட்’, ‘ஐ ஸ்டாண்ட் கரெக்டட்’ என்றே வாயில் வருகிறது. சக ஊழியர் அதையே செய்தால் ‘யூ டர்ன்’ என்கிறேன். இவற்றுக்குத் தமிழில் தொடர்கள் உண்டா? புதிதாக ஆக்க வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆங்கிலம் கலப்பதை விடுங்கள். அது எனக்குப் பெரிதில்லை. புதிதாக எதையும் ஆக்கவும் வேண்டாம். பேச்சு மாறினான், பல்டி அடித்தான், நாக்குப் புரண்டது என்று, கருத்து மாறுகிறவரைப் பழிக்கத் தமிழில் நமக்கு நொடியில் சொல் கிடைக்கிறது. அந்தப் பழிக்கு அஞ்சியே ஆங்கிலத்துக்குள் ஒதுங்குகிறீர்கள். ‘நான் சொன்னது தவறு’ என்பது உங்களுக்குத் தெரியாத தமிழா? உங்கள் கூச்சத்தை மொழியின் குறையாக்காதீர்கள்.

நாம் மறந்த சொல் ஒன்று உண்டு: தெளிதல். ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணி செம்மண் நிறத்தில் பெருகி வரும்போது, என் ஆச்சி மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து, அதில் ஆற்றுநீரை ஊற்றி வைப்பாள். விடியும்போது வண்டல் அடியில் படிந்து, நீர் தெளிந்திருக்கும். கலங்கிய பெண்ணொருத்தியின் மனம் தெளிந்ததற்குக் கலித்தொகை உவமை சொன்னது இந்தக் கொட்டையால் தெளிந்த நீரைத்தான். குறளின் 51-ஆம் அதிகாரமான ‘தெரிந்துதெளிதல்’, ஆராய்ந்து ஒருவரை நம்புவதையே தெளிதல் என்கிறது. ஒன்றை நம்பத் தொடங்குவதும் தெளிவு, அது பிழையென்று கண்டு கைவிடுவதும் தெளிவு. வண்டியைத் திருப்புவதுபோல இங்கே எதுவும் வந்த வழியே திரும்பவில்லை. அதே நீர், அதே பானை, மண் மட்டும் கீழே இறங்கியிருக்கிறது.

பாளையங்கோட்டையில் சாராள் டக்கர் கல்லூரி 1895 முதல் இருப்பதை நன்கறிந்தும், என் அத்தையைக் கல்லூரிக்கு அனுப்புவதில்லை என்று தாத்தா இரண்டாண்டுகள் பிடிவாதமாக இருந்தார். ஒருநாள் திண்ணையில் எல்லோரும் கேட்க, ‘ஏளா, நான் சொன்னது தப்பு. இப்பந்தான் தெளிஞ்சுது. நீ படிக்கப் போ’ என்றார். தெருவில் எவரும் அவரைப் பேச்சு மாறியவர் என்று சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்த ‘யூ டர்ன்’தான். நீங்கள் மாறினால் திருத்தம், சக ஊழியர் மாறினால் திரும்பி ஓடுதலா? அதை முதலில் நிறுத்துங்கள், ஐயா. எதைக் கேட்டு அவருக்குத் தெளிந்தது என்று அவரிடமே கேளுங்கள்.